நோபுயேவின் விடுதிக்காரர்

என் தங்கை நோபுயேவின் கணவர் மித்சுஹாருவை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாராவது திட்டினாலும் அப்படித்தான். அந்த மனிதரைத் திட்டும் உரிமை முழுக்க எனக்கே சொந்தம் என்று ரொம்ப காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது சொல்லப்போவதிலும் திட்டு கலந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் அதிகம் படித்தவரில்லை. தகாவோகாவில் வீடு மாற்றிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஊரார் சாமான்களைத் தூக்கியவர். பியானோ, பீரோ, ஃபிரிட்ஜ், கல்யாணச் சீராக வந்த மர அலமாரி எல்லாம் அவர் முதுகில் ஏறி இறங்கியவைதான். இடுப்பில் எப்போதும் அகலமான வார் கட்டியிருப்பார். மாலையில் வீட்டுக்கு வந்து அதை அவிழ்க்கும்போது ஒரு முனகல் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் நோபுயே சாதம் போட எழுந்திருப்பாள்.

தூக்கித் தூக்கி அவருக்குச் சாமான் என்றாலே வெறுப்பு வந்துவிட்டது. ஒரு பேங்க் மேனேஜரின் மனைவிக்கு அடிக்கடி வீடு மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே பெட்டி. போன தடவை இவர் ஒட்டிய டேப் பிரிக்காமல் அப்படியே இருக்குமாம்.

“அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அந்தம்மாவுக்கே தெரியாதுக்கா. என் இடுப்புக்குத்தான் தெரியும்” என்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவள் என் தங்கை. பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிற வேலை அவளுக்கு. எதையும் தூக்கிப் போட மனசு வராது. கடைப் பைகளை மடித்து மடித்து ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் செருகுவாள். பிஸ்கட் டப்பாவில் பொத்தான், பொத்தான் டப்பாவில் மருந்து, மருந்துப் பெட்டியில் ரப்பர் பேண்டு. டிவி மேல் மீன் கவ்விய மரக்கரடி, சிப்பி ஒட்டிய கலங்கரை விளக்கம், தலையாட்டும் பொம்மை. சுவரில் டோஃபுக் கடை காலண்டர், அதற்குப் பக்கத்தில் பேங்க் காலண்டர், குப்பை எடுக்கும் கிழமைகள் போட்ட நகராட்சித் தாள். நடுக்கூடத்தில், அடியில் ஹீட்டர் வைத்து மேலே போர்வை போட்ட கணப்பு மேஜை. குளிர்காலம் முழுக்க அதற்குள் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்பாள். நகவெட்டி, ரிமோட், மூக்குக் கண்ணாடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எழுந்து போய் எடுக்கிற சாமான் அவளுக்குச் சாமானே இல்லை.

பிள்ளை குட்டி இல்லை அவர்களுக்கு. அதனால் சாமான்களைப் பிள்ளைகளாக வைத்திருந்தாள் என்று அக்கம்பக்கத்தில் சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. நான் நாலு பெற்றவள், என் வீடும் அப்படித்தான் கிடந்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு கம்பெனிக்காரர்கள் இவர் உழைப்பை மெச்சி உனாசுகியில் ஒரு வெந்நீரூற்று விடுதியில் தங்க ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். இருவரும் போனார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் அப்படி ஓர் இடத்துக்குப் போனதில்லை. பாய் விரித்த அறை. சுவரில் ஒன்றுமில்லை. ஒரு மூலை மாடத்தில் மூங்கில் குழாயில் ஒரே ஒரு காமெலியாப் பூ. தாழ்வான மேஜையில் தேநீர்த் தட்டும் ஆளுக்கொரு இனிப்பும். வெந்நீரில் ஊறிவிட்டு வந்து நீலப்பூ போட்ட பருத்தி அங்கியோடு ஜன்னலருகே உட்கார்ந்து மலையைப் பார்த்தார்களாம். அந்த இரண்டு நாளும் நோபுயே அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் முதுகும் வலிக்கவில்லை.

திரும்பி வந்ததிலிருந்து அவர் அவராக இல்லை. கூடத்தின் நடுவில் நின்று சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எந்த லாரி, எத்தனை ஆள் என்று கணக்குப் போடுகிற பார்வை. ஓய்வு பெற்ற வசந்தத்தில் ஒரு பத்திரிகையை வாங்கி வந்தார். ‘ஜப்பானிய எளிமை உங்கள் வீட்டில்’ என்று அட்டையில் போட்டிருந்தது. ஜப்பானியனுக்கே ஜப்பானிய பாணியைக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிறார்களே என்று நான் சிரித்த சிரிப்பில் குடித்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். வெறும் அறை, மூங்கில் குழாயில் ஒரு பூ. அந்த விடுதியைப் போலவே இருந்தது.

“வருஷம் பூரா அந்த ரெண்டு நாள் மாதிரி இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கறேன்க்கா.”

கூடத்திலிருந்து நோபுயே குரல் கொடுத்தாள். “யோவ், என் கரடியில கைய வச்சே, உன்னையும் சேத்து குப்பை வண்டில ஏத்திருவேன்.”

கையை வைத்தார். ஒரே நாளில் இல்லை. ஒரு கோடை முழுக்கப் போனது. அதில் ஒரு விசேஷம், வேண்டாத சாமானைக்கூட அவரால் வீசி எறிய முடியவில்லை. தொழில்புத்தி. குப்பைக்குப் போகிற மரக்கரடியைக் கம்பளியில் சுற்றி, மூலையில் அட்டை வைத்து, வாடிக்கையாளர் சாமான் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்குக் கொண்டுபோவார். நோபுயே முதலில் கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு அவர் கரடியை ஏந்திக்கொண்டு போகிற அழகைப் பார்த்துச் சிரித்தே விட்டாள். சிரித்த பிறகு என்ன சண்டை போடுவது? எனக்கு ஒரே ஒரு டிராயர் மட்டும் விட்டுடு, அதில நீ தலையிடக் கூடாது என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டாள். சமையலறையில் கீழ் டிராயர் அவளுடையதாயிற்று. மற்றதெல்லாம் போய்விட்டது.

வீடு அழகாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தாலும். சுவருக்கு அரிசிக்கஞ்சி நிறத்தில் பூச்சு. புதுப் பாய். காகிதத் தட்டிக் கதவு வழியாக வெளிச்சம் வடிகட்டி வரும். அலமாரிகளுக்குக் கைப்பிடிகூடக் கிடையாது, தட்டினால் திறக்கும், சுவரோடு சுவராக இருக்கும். காலையில் மெத்தைகளை மடித்து அதற்குள் வைத்துவிட்டால் அந்த வீட்டில் ஆள் இருப்பதற்கு அடையாளமே இராது. காலண்டர் இல்லை, கடிகாரம் இல்லை, டிவி இல்லை. ஆளுக்கொரு கிண்ணம், ஆளுக்கொரு கோப்பை. உனாசுகியில் போட்ட மாதிரியே நீலப்பூ அங்கி இரண்டை எங்கோ தேடி வாங்கி வந்திருந்தார். தினமும் மூன்று மணிக்குத் தாழ்வான மேஜையில் தட்டு வைத்து, தேநீர் ஊற்றி, அவள் பக்கம் ஓர் இனிப்பை வைப்பார். வாழ்நாள் முழுக்க ஒரு முட்டைகூட வேகவைத்துக் கொடுக்காத மனிதர்.

நகராட்சி மாத இதழில் வீட்டைப் படம் பிடித்துப் போட்டார்கள். தெருவில் உள்ளவர்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்கள். நோபுயேவுக்கும் கொஞ்சம் பெருமைதான். நான் கனஸாவாவில் மகன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவள். வாரம் ஒருமுறை ரயிலேறி அவளைப் பார்க்க வருவேன். வந்ததும் என்னைப் பாயில் உட்காரவைத்துச் சொல்வாள்: “எங்க வேணா உக்காருக்கா. உக்கார இடம் இல்லைன்னு இனி நீ குறை சொல்ல முடியாது.” சொல்லிவிட்டு என் காதருகே வந்து, டிராயரைப் பாக்கறியா என்பாள். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து டிராயரைத் திறப்போம். பொத்தான் டப்பா, கல்யாணமான புதிதில் வாங்கிய பொம்மைத்தலை பாட்டில் திறப்பான், தலை உடைந்த சீப்பு. கள்ளச் சாராயம் வைத்திருப்பவர்கள் மாதிரி சிரித்துக்கொள்வோம்.

அவளுக்கு மறதி வந்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மறந்து வைப்பதற்கு அந்த வீட்டில் சாமான் இருந்தால்தானே தெரியும்? மற்ற வீடுகளில் கண்ணாடியைத் தேடுவார்கள், சாவியைத் தேடுவார்கள், வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பார்கள். இங்கே எல்லாவற்றையும் அவரே எடுத்து, அவரே வைத்தார். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அதனால் ரொம்ப முற்றும் வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

ஓர் இலையுதிர்காலக் காலையில் அவர் பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் நோபுயே வாசல்படியருகே முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கோட்டுப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பையோடு. மெத்தையையும் அங்கியையும் ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறாள். அவரைப் பார்த்ததும் கையூன்றிக் குனிந்து வணங்கியிருக்கிறாள்.

“ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டீங்க, ஐயா. ஸ்டேஷனுக்கு பஸ் எப்ப வரும்?”

விளையாடுகிறாள் என்று நினைத்து இவரும் பதிலுக்குக் குனிந்து வணங்கிச் சிரித்திருக்கிறார். அவள் சிரிக்கவில்லை. காலுறையைச் சரி செய்துகொண்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள்.

அன்று இரவு எனக்குப் போன் வந்து நான் ஓடினேன். என்னை அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயும் வந்துட்டியாக்கா? அறை நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளாச்சு, வீட்டுக்குப் போலாம். அவர் தனியா இருப்பாரு, அவருக்கு ஒரு முட்டை வேகவைக்கக் கூடத் தெரியாது” என்றாள். அந்த ‘அவர்’ கதவருகே தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று அவரை விரட்டினேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஏற்கெனவே சொல்லிப் பார்த்ததாக மெல்லச் சொன்னார்.

“நான்தான் உன் வீட்டுக்காரன்னு சொன்னேன்க்கா. பயந்துட்டா. பாத்ரூம்ல போய்க் கதவைத் தாழ் போட்டுக்கிட்டா. பொழுது சாயற வரைக்கும் வெளியவே வரல. நான் வெளிய நின்னு, விடுதி முதலாளி பேசறேன், அந்த ஆளைத் துரத்தி விட்டுட்டோம்மான்னு சொன்ன பிறகுதான் திறந்தா.”

அன்றிலிருந்து அவர் விடுதிக்காரர் ஆனார். வேறு வழி தெரியவில்லை அவருக்கு, எனக்கும்தான்.

அதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். காலையில் அவள் பையோடு வாசலில் உட்காருவாள். அவர் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார். அப்போது அவர் பஸ் டிரைவர், தொப்பிகூட ஒன்று வைத்திருந்தார். அமஹராஷி கடற்கரை வரைக்கும் ஓட்டிப்போய், கடலைக் காட்டி, சுற்றித் திரும்பி அதே வீட்டு வாசலுக்கு வருவார். வந்ததும் என்னையும் அவளையும் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாக ஓடுவார். எத்தனை பியானோ தூக்கிய இடுப்பு அது, ஓட முடியாது, நொண்டிக்கொண்டே போவார். கொஞ்ச நேரத்தில் முன்கதவு திறக்கும். தொப்பி இல்லாமல், இடுப்பில் கருநீல ஏப்ரன் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, தலை குனிந்து நிற்பார். தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், களைப்பாக இருக்கும், உள்ளே வாருங்கள் என்று வரவேற்பார். நோபுயே என்னிடம் திரும்பி, இங்கே வேலை பார்க்கிறவர்கள் ரொம்ப மரியாதையானவர்கள் என்பாள்.

யோவ் என்று கூப்பிட்டவள். தூக்கத்தில்கூட அவரை விரட்டியவள். இப்போது அவர் தேநீர் வைத்தால் பாதி எழுந்து வணங்குகிறாள். உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன் என்கிறாள். தன் பர்ஸிலிருந்து காசெடுத்து வெள்ளைக் காகிதத்தில் மடித்து, விடுதிகளில் பணிப்பெண்ணுக்குக் கொடுக்கிற மாதிரி, தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வார். அவள் குளிக்கப் போனதும் அதைப் பிரித்து அவள் பர்ஸிலேயே திரும்ப வைப்பார். ஒரு நாள் அதைச் செய்துகொண்டே என்னிடம் கேட்டார்:

“என்னைத் திட்டி எத்தனை நாளாச்சு தெரியுமாக்கா?”

நான் வேண்டுமானால் திட்டட்டுமா என்றேன். நீங்கள் திட்டுவது கணக்கில் சேராது என்றார்.

நகராட்சியிலிருந்து ஓகினோ என்றொரு பெண் வந்து பார்ப்பாள், முதியோர் பராமரிப்பு ஏற்பாடுகளைக் கவனிப்பவள். நல்ல பெண். அவள்தான் சொன்னாள், பழக்கப்பட்ட சாமான்கள் கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் நோயாளிக்கு இது தன் வீடு என்று பிடிபடும், பழைய சாமான்களை எடுத்து வெளியே வையுங்கள் என்று. சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். அவளுக்கே சங்கடமாகிவிட்டது. எந்தச் சாமானை எடுத்து வைப்பது?

மித்சுஹாரு அன்றே கிளம்பினார். பழைய பொருள் கடை கடையாக ஏறி இறங்கினார். எதையெல்லாம் கம்பளியில் சுற்றி வெளியே ஏந்திப்போனாரோ, அதே மாதிரி சாமான்களைத் தேடித் தேடிச் சுமந்து வந்தார். கணப்பு மேஜை, பழுப்புப் பூப்போட்ட போர்வை, மீன் கவ்விய மரக்கரடி. கரடி முன்னதைவிடப் பெரிது. டோஃபுக் கடைக்காரரிடம் கெஞ்சிக் காலண்டர் வாங்கினார். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் கடைப் பைகளைக்கூட மடித்துச் செருகினார். எது எங்கே இருந்தது என்று அவருக்கு அப்படியே ஞாபகமிருந்தது. வருடக்கணக்காக வெறுப்போடு பார்த்தவராயிற்றே. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நகவெட்டி, நகவெட்டிக்குப் பக்கத்தில் ரிமோட். டிவி வாங்கவில்லை, ரிமோட் மட்டும் இருந்தது. நானும் கூடமாட உதவினேன். எல்லாம் முடிந்து கூடத்தைப் பார்த்தால் பழைய வீடேதான். இதோ கத்தப்போகிறாள், யோவ் என்று கூப்பிடப்போகிறாள் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.

தூங்கி எழுந்து வந்தவள் கூடத்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கரடியைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அவருக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, கூட்டம் அதிகம் போல. நம்மளைக் கொண்டுபோய் சாமான் போடற ரூம்ல போட்டுட்டாங்க. பரவால்ல, ஒண்ணும் சொல்லிக்காத. பாவம், அவர் முகத்தைப் பாரு, அவருக்கே வெக்கமா இருக்கு.”

மன்னிக்க வேண்டும், நாளைக்கு நல்ல அறை தருகிறோம் என்று குனிந்து வணங்கினார். மறுநாள் எல்லாவற்றையும் கம்பளியில் சுற்றி வண்டியில் ஏற்றினார். கரடியை ஏற்றும்போது மட்டும் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு காலண்டராவது விட்டு வச்சிருக்கலாம்க்கா. ஒரே ஒரு காலண்டர். அது எவ்ளோ இடத்தை அடைக்கப்போகுது?”

அப்போதும் நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டாமல் கரடியை அவர் மடியிலிருந்து வாங்கி நானே வண்டியில் வைத்தேன்.

கடைசி நம்பிக்கையாக அந்த டிராயர் இருந்தது. அதை அவர் தொட்டதே இல்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திறக்கச் சொல்லலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். திறந்தாள். பொத்தான் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். பொம்மைத்தலை பாட்டில் திறப்பானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒரு துண்டில் வைத்து மடித்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். முன்னால் தங்கியிருந்தவர்கள் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பத்திரமாக வைத்திருங்கள், தேடி வருவார்கள் என்றாள்.

அவர் வாங்கிக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் பனி நிறைய விழுந்தது. ஒரு மாலை அவர் பின்பக்கம் பனியை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது நோபுயே முன்கதவு வழியாக வெளியே போய்விட்டாள். வெந்நீரூற்று ஊர்களில் விருந்தினர்கள் விடுதி அங்கியோடு மரச்செருப்புப் போட்டுக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றிப் பார்ப்பார்களே, அதே மாதிரி போயிருக்கிறாள். நீலப்பூ அங்கி, மரச்செருப்பு, மேலே ஒரு துண்டு. தகாவோகாவில் எங்கே வெந்நீரூற்று? டிராம் டிரைவர் ஒருவர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பனிக்குவியலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “பேர் ஞாபகம் இல்ல. ரொம்ப சுத்தமான இடம்” என்று சொன்னாளாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துத் தெருக்காரர்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நிமோனியா வந்து பிழைத்தாள். இனி ஒரு ஆள் பார்த்துக்கொள்கிற வேலையில்லை இது என்று ஓகினோ சொன்னாள். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. என் மகன் வீட்டில் என் ஒருத்திக்கே இடம் நெருக்கடி. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவளைத் தூக்கிக் குளியல் தொட்டியில் இறக்கும்போது அவர் இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஈரத்தில் கிடந்த நாளில் அவரும் சரி என்றுவிட்டார். எத்தனையோ வீட்டுப் பீரோக்களைத் தூக்கிய மனிதரால் சொந்த மனைவியைத் தூக்க முடியவில்லை.

கிளம்பும் காலையில் அவர் காமெலியாப் பூ ஒன்றைப் பறித்து மாடத்தில் வைத்திருந்தார். தேநீர் கொடுத்தார், இனிப்பு வைத்தார். அவள் பையை அவர்தான் கட்டினார். என்ன பெரிய பை, உள்ளாடைகளும் பல்செட்டு டப்பாவும். இல்லத்து வேன் வாசலில் நின்றது. நோபுயே வழக்கம்போல வாசல்படியருகே முழங்காலிட்டுக் கையூன்றி வணங்கினாள். எழுந்தவள் கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வெறும் பாய், கஞ்சி நிறச் சுவர், காகிதக் கதவில் காலை வெளிச்சம்.

“எங்க வீட்டுக்காரருக்கு இப்படி வெறும் அறைன்னா உசுரு. ஒரு தடவை இப்படி ஒரு இடத்துக்குக் கூட்டிட்டு வந்தாரு. முதுகு வலிக்கலைன்னு அவ்ளோ சந்தோஷம் அவருக்கு” என்றாள் அவரிடம். “அடுத்த தடவை வர்றப்ப அவரையும் கண்டிப்பா கூட்டிட்டு வர்றேன், ஐயா.”

விடுதிக்காரர் குனிந்தபடியே இருந்தார். குனிந்தபடியே, “கூட்டிட்டு வாங்கம்மா. காத்துக்கிட்டிருக்கோம்” என்றார்.

விடுதி வழக்கப்படி விருந்தினர் வண்டி கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நின்று கையசைக்க வேண்டும். நானும் அவளோடு வேனில் ஏறியிருந்தேன்; அது டிராம் பாதையில் திரும்பும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஏப்ரனோடு நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

முதியோர் இல்லம் எப்படியிருந்தது என்று சொல்ல எனக்குக் கூசுகிறது. சுவர் தெரியாமல் காகிதக் கொக்குகள், பிறந்தநாள் படங்கள், யாரோ பள்ளிப் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர்கள். மூன்று காலண்டர். பொதுக்கூடத்தில் பழைய கணப்பு மேஜை, அதன் மேல் ஆரஞ்சுக் கூடை, ரிமோட், யாருடையதோ பல்செட்டு. டிவி அலறிக்கொண்டிருந்தது. நோபுயே உள்ளே நுழைந்தாள், சுற்றிப் பார்த்தாள், நேரே போய்ப் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

“அப்பாடா. வீட்டுக்கு வந்தாச்சுக்கா” என்றாள்.

இதை நான் மித்சுஹாருவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது அவரே வந்து பார்த்துவிட்டார். பழைய கோட்டை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, இனிப்புப் பெட்டி ஒன்றோடு வாசலில் தயங்கி நின்றார். விடுதிக்காரர் என்றாலும் இப்போது அவர்தான் விருந்தினர். நோபுயே கணப்பு மேஜைக்குள் சௌகரியமாகச் சாய்ந்து, பக்கத்துக் கிழவி ஒருத்தியை அதட்டிக்கொண்டிருந்தாள். நகவெட்டியை எடுத்த இடத்தில் வைக்கவில்லையாம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரலில் அந்தச் சுருக்கென்ற காரம். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். உடனே போர்வையிலிருந்து காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலை குனிந்து வணங்கிவிட்டு, கவலையோடு என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அந்த விடுதிக்காரர் இவ்ளோ தூரம் தேடி வந்திருக்காரே. நாம அறையில எதையாவது விட்டுட்டு வந்துட்டோமா?”

நான் அவரைப் பார்த்தேன். இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இல்லம்மா” என்றார். “நல்லாப் பாத்துட்டுதான் வந்தேன். அங்க ஒண்ணுமே இல்ல.”